ஏழு உருண்டை நீலம்

வியாழக்கிழமைகளில் நாங்கள் கூடுவது
கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு எதிரே
மீன்வலை பழுதுபார்க்கும் கிடங்கின் மாடியில்.
ஹீட்டர் ஒன்று. நாற்காலி பன்னிரண்டு,
அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
ருபார்ப் கேக் யார் கொண்டுவருவது என்பதற்கு
இதுவரை தேர்தல் நடந்ததில்லை,
அது எப்போதும் மர்யூன்தான்.

உள்ளே வருகிறவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை,
மடியைத்தான் பார்ப்போம்.
"போன வாரமும் இதே கைதானே?"
"அது வலது கை. இது இடது."

ரன்வா எட்டு வருடமாகக் காலுறை பின்னுகிறாள்,
எல்லாம் ஒற்றை.
ஜோடியின் இரண்டாவதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.
ஹெர்கெய்ர் சால்மன் பண்ணையில் முக்குளிக்கிறவன்,
அவன் பின்னுவது குழந்தைத் தொப்பி.
யாருக்கென்று கேட்டால்,
"யாருக்காவது பிறக்கும்" என்பான்.

சட்டம் என்று ஒன்றுதான் உண்டு:
கண்ணி எண்ணுகிறவரிடம் பேசக் கூடாது.
தீப்பிடித்தாலும் சரி,
நூற்று நாற்பத்தெட்டு வரட்டும், பிறகு சொல்.

எனக்கு நூல் விட்டவன் பெய்னிர்.
நூல் வாங்கியவள் நான்.
ஒரே தொட்டியில் சாயம் முக்கியதா என்று
ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து எடுத்தேன்.
அடுத்த தொட்டியின் நீலம் வேறு நீலம்.
பகலில் ஒட்டிக்கொண்டிருக்கும்,
விளக்கைப் போட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.
மார்பளவு நூற்றெட்டு சென்டிமீட்டர்.
நான் டேப்பைச் சுற்றியபோது
அவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான்.
அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

முதுகு முடிந்தது, முன்பக்கம் முடிந்தது, ஒரு கை முடிந்தது.
கழுத்துக்கு வருமுன்
அவன் டென்மார்க்குக் கப்பலில் ஏறிவிட்டான்.
அவன் சாயம் வெளுத்தது.
நூல் அப்படியே இருந்தது, நல்ல நீலமாக.

ஒரு சனிக்கிழமை அவிழ்த்தேன்.
முனையைக் கண்டுபிடிக்கத்தான் நேரமானது.
பிறகு சரசரவென்று,
பதினான்கு மாதம் நாற்பதே நிமிடத்தில்.
அவிழ்ந்த நூல் நேராக வரவில்லை,
நூடுல்ஸ் மாதிரி சுருள்சுருளாக,
ஒவ்வொரு கண்ணியும் தான் இருந்த வளைவை
விடமாட்டேன் என்று.
வெந்நீரில் நனைத்துக் குளியலறைக் கொடியில் தொங்கவிட்டு
அடியில் ஒரு மத்தி டப்பாவைக் கட்டினேன்.
இரண்டு நாளில் நேரானது.
ஏறக்குறைய.

ஏழு உருண்டை.
வியாழக்கிழமை மேசைமேல் வைத்து
வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.
மர்யூன் விரலால் தொட்டு
"நல்ல நூல்" என்றாள்,
இறந்தவரைப் பற்றிச் சொல்கிற குரலில்.
"குழந்தைக்கு... வேண்டாமே" என்றான் ஹெர்கெய்ர்,
இன்னும் பிறக்காத, யாருடையதென்றே தெரியாத குழந்தைக்கு.
ரன்வா எண்ணிக்கொண்டிருந்தாள்,
அல்லது எண்ணுவதுபோல் உதட்டை அசைத்தாள்.

பேருந்து ஓட்டும் சுன்வோர்தான்
கேக் துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்தாள்.
"ஆட்டைக் கேட்டா கத்தரித்தார்கள்?"
ஓர் உருண்டையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.
மீதி ஆறும் என்னோடு வீடு திரும்பின.
ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஜனவரியில், விடிவதற்கு நெடுநேரம் முன்பு,
மருந்துக்கடை வேலைக்குப் போகும் பேருந்தில்
முதல் இருக்கையிலிருந்து பார்த்தேன்:
கியர் கம்பியின் தலையில் நீலத் தொப்பி,
உச்சியில் குஞ்சம்கூட வைத்து.
"ஸ்டீயரிங்கைவிட இதுதான் சில்லென்றிருக்கும்"
என்றாள் சுன்வோர், சாலையிலிருந்து கண் எடுக்காமல்.

மலைக்குள் நுழையுமுன் இரண்டாம் கியருக்கு மாற்றினாள்.
அவன் மார்புக்கென்று அளந்த நீலம்
அவள் உள்ளங்கைக்குள் போய்விட்டு வந்தது.
சுரங்கத்தின் மஞ்சள் விளக்கில் அது பச்சையாகத் தெரிந்தது.
ஓரத்தில் ஒரு கண்ணி நழுவியிருந்தது.
அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

இறங்கும்போது சொன்னேன்,
"வியாழக்கிழமை கொக்கி ஊசி கொண்டு வா.
அது அப்படியே ஓடிவிடும்."

"நீ கொண்டு வா" என்றாள்.
"கதவு திறந்திருக்கிறது, குளிர் ஏறுகிறது.
இறங்கு."